சந்தேகிக்கத் தெரியாத வாசகன்

(ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பாடநூல் ஒன்று கையெழுத்துப் பிரதியாகப் புறப்பட்டு, அச்சுக்கூடத்தின் பல அறைகளையும் பலருடைய கைகளையும் கடந்து, புத்தகமாகத் தைக்கப்பெற்று மாணவன் கையை அடையும் வரையில் நிகழ்கின்ற காரியங்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அச்சுத் தொழிலோடும் பாடநூல் பதிப்போடும் நெடுங்காலம் பழகியவன் என்ற ஒரு தகுதியை மட்டும் கருதி இப்பணியை ஏற்றுக்கொண்டேன். இந்நாளில் எழுத்துக்கள் கணினித் திரையில் அமைகின்றன. ஆப்செட் யந்திரங்கள் தாள்களை வாரி விழுங்கி அச்சிட்டு வெளியே தள்ளுகின்றன. ஆயினும், ஈய எழுத்துக் காலத்து முறையையே நான் பெரிதும் விவரிக்கப் போகிறேன். அக்காலத்தில் ஒவ்வொரு காரியமும் தனித்தனி மனிதர் கையால், கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது; இன்று அவையெல்லாம் ஒரே மேசையின்மேல் நடந்துவிடுகின்றன என்றாலும், காரியங்கள் அவையே; அவற்றில் ஒன்றைக் கைநழுவ விட்டால் விளையும் கேடும் அதுவே.

முதலில் ஒரு பேதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, அதைக் கையிலெடுத்துப் படித்தவர்கள் பெரும்பாலும் தமிழில் ஆழ்ந்த பயிற்சியுடையவர்கள். ஓரிடத்தில் சொல் பிசகியிருப்பின், 'இது இப்படி இருக்க இயலாதே' என்று அங்கேயே நின்று யோசிக்க வல்லவர்கள். ஐயரவர்களும் மேலும் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1907இல் இரண்டாம் பதிப்பை இன்னும் செப்பமாக வெளியிட்டார்கள். இத்தகைய நூல்களுக்கு வாசகனே கடைசிப் பரிசோதகனாக அமைந்துவிடுகிறான். பாடநூலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதைப் படிக்கும் சிறுவன் அச்சில் கண்டதைச் சந்தேகிக்கத் தெரியாதவன். சந்தேகிக்கக் கூடாது என்று நாமே அவனுக்குப் பழக்கியும் இருக்கிறோம். கதைப் புத்தகத்தில் உள்ள பிழை பிழையாகவே கிடந்து மறந்து போகும், பாடநூலில் உள்ள பிழையோ பாடமாகிவிடும், மனப்பாடம் செய்யப்பெறும், பரீட்சையில் எழுதப்பெறும், சில வேளை அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். இத்தொழிலில் காணப்படும் கட்டுப்பாடுகள் அனைத்தும், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீண் பிடிவாதம் போலத் தோன்றுவனவுங்கூட, இந்த ஒரு வாசகனை உத்தேசித்து ஏற்பட்டவையே என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

தமிழில் பாடநூல் வரலாற்றைப் பேசுகிறவர்கள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை மறக்க மாட்டார்கள். அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தக்க புத்தகங்கள் வேண்டுமே என்ற கவலையினால், மறு ஆண்டே தமிழகத்துக்குக் கடல் கடந்து வந்து, அச்சுயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பாலபாடங்களைப் படிப்படியாக எழுதியவரும் அவரே. அவற்றைத் தம் யந்திரசாலையில் பதிப்பித்தவரும், அச்சுப் பிழை பார்த்தவரும், அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் தடுமாறும் இடம் எது என்று வகுப்பறையில் பிரத்தியட்சமாகக் கண்டவரும் அவரே. அவருடைய பதிப்புக்களுக்குப் பிழையற்றவை என்ற பெரும்பெயர் ஏற்பட்டதில் வியப்பில்லை. பிற்காலத்தில் பள்ளிகள் பெருகிப் பிரதிகளின் தொகையும் பெருகவே, ஒருவர் தாங்கிய அந்தப் பொறுப்பு ஆசிரியர், மேலாய்வாளர், பதிப்பாசிரியர், ஓவியர், பிளாக் செய்பவர், அச்சுக் கோப்பவர், பிழை திருத்துபவர், யந்திரம் ஓட்டுபவர், புத்தகக் கட்டடம் செய்பவர் என்று பல கூறுகளாகப் பிரிந்துபோயிற்று. வேலையைப் பிரித்துக்கொள்வது எளிது. பொறுப்பைப் பிரித்துக்கொண்டால், அது ஒருவரிடத்தும் முழுமையாக இராமற் போய்விடும் அபாயம் உண்டு. இந்த அபாயத்துக்கு வைத்த காவல்களே இனி நான் விவரிக்கப் போகும் படிகள்.

முதற்படி கையெழுத்துப் பிரதி. பாடநூலாசிரியர் தாம் விரும்பியதை விரும்பிய அளவுக்கு எழுதும் சுதந்திரம் உடையவர் அல்லர். பாடத்திட்டம் பொருளை வரையறுக்கிறது. வகுப்பு, சொல்லை வரையறுக்கிறது. பக்க அளவு, இரண்டையும் சேர்த்து நெருக்குகிறது. இந்த நெருக்கடிக்குள் இருந்துகொண்டு, முன் வகுப்பில் படித்திராத ஒன்றைப் படித்ததாக எண்ணிக்கொண்டு எழுதிவிடாமலும், அடுத்த வகுப்பில் வரப்போவதை இப்போதே அள்ளித் திணித்துவிடாமலும், இடையே ஒரு சிறு வயல்வரப்பின்மேல் நடப்பவரைப் போல அவர் நடக்கவேண்டும். தமிழில் இன்னுமொரு தொல்லை உண்டு. புணர்ச்சி இலக்கணம் வழுவாமல் 'மரத்திற்கனிந்த பழமொன்றுண்டு' என்று எழுதிவிட்டால் புலவர் மகிழ்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறியாமல் விழிக்கும். ஆகவே கீழ் வகுப்புக்களுக்கு 'மரத்தில் கனிந்த பழம் ஒன்று உண்டு' என்று சந்தி பிரித்தே எழுதவேண்டும். எந்த வகுப்பிலிருந்து எவ்வளவு சேர்த்து எழுதலாம் என்பதை ஆசிரியரும் பதிப்பாசிரியரும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தீர்மானியாமல் விட்டுவிட்டால், ஒரு பக்கத்தில் பிரிந்தும் மறு பக்கத்தில் சேர்ந்தும் நிற்கும் அதே தொடரை இரு வேறு தொடர்களென்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

மேல் வகுப்புப் பாடநூல்களில் கலைச்சொல் விஷயம் வந்து சேர்கிறது. இதில் நமக்கு முன்னோடி ஓர் அமெரிக்கர் என்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். கற்பிக்க நூல் இல்லை; நூல் எழுதச் சொற்கள் இல்லை. அவரும் அவருடைய மாணவர்களும் அமர்ந்து, அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவவைத்தியம் முதலிய துறைகளில் நூல்களை மொழிபெயர்த்தார்கள். தமிழில் சொல் அகப்பட்ட இடத்தில் அதையும், அகப்படாத இடத்தில் வடமொழியையும், இரண்டும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இணக்கியும் கையாண்டார்கள். 'கெமிஸ்தம்' என்ற பெயரோடு ஒரு நூல் 1875இல் வெளிவந்தது இந்த முறையினாலேதான். இன்று நாம் அச்சொற்களிற் பலவற்றைக் கைவிட்டுவிட்டோம். ஆனால் அவர் காட்டிய ஒழுங்கை விடமுடியாது. ஒரு சொல்லை ஒருமுறை நிச்சயித்துவிட்டால், நூல் முழுவதிலும், அந்நூலைத் தொடரும் நூல்களிலும் அதுவே வழங்கவேண்டும் என்பதற்காக, அவர் சொற்றொகுதிகளைத் தனியே தொகுத்து அச்சிட்டு வைத்தார். நல்ல பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் இதையே தம் மேசைமேல் சிறிய அளவிற் செய்கிறார்: ஒரு குறிப்பேட்டில் அகர வரிசையாகச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, ஏழாம் பாடத்தில் ஆசிரியர் வேறொரு சொல்லை நாடும்போது, மூன்றாம் பாடத்துச் சொல்லுக்கே அவரைத் திருப்பி அழைத்து வருகிறார்.

பிரதி இவ்வாறு செப்பமடைந்து, மேலாய்வாளரின் அபிப்பிராயங்களும் அதில் சேர்ந்த பிறகு, அச்சுக்கூடத்தில் முதலில் நடப்பது எழுத்து வேலையன்று, கணக்கு வேலை. கிரௌன் தாள் என்பது 15 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உடையது. அதை மும்முறை மடித்தால் 8 இலை, அதாவது 16 பக்கம். இந்தப் பதினாறு பக்கத் தொகுதியை ஒரு பாரம் என்பார்கள். 128 பக்கப் புத்தகத்துக்கு 8 பாரம். ஒரு பிரதிக்கு 8 தாள். 10,000 பிரதிகளுக்கு 80,000 தாள். 500 தாள் கொண்ட ரீமாகக் கணக்கிட்டால் 160 ரீம். அச்சிலும் கட்டடத்திலும் கழிவாகும் தாள் இதற்கு மேல். இனி ஆசிரியரின் பிரதி 128 பக்கத்துக்குள் அடங்காமல் 131 பக்கத்துக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு முழுப் பாரம் சேர்த்தால் 20 ரீம் தாள் கூடுதலாக வேண்டும். சேர்க்காவிட்டால் மூன்று பக்கப் பொருளை வெட்டவேண்டும். பாடநூலில் ஒரு பயிற்சி வினா காணாமற் போயிருப்பதற்கும், ஒரு பாடத்தின் முடிவு திடீரென்று சுருங்கியிருப்பதற்கும் கல்விக் கொள்கையில் காரணம் தேடுபவர்கள் உண்டு. பல சமயங்களில் காரணம் இந்தப் பதினாறில் இருக்கும்.

எழுத்தின் அளவும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததே. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழ் நூல்களை அச்சிட முற்பட்டபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713இல் வந்து சேர்ந்த தமிழ் எழுத்துக்கள் உருவில் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றைக்கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கைவசமிருந்த காகிதம் போதாது என்று கண்டு, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். காகிதம் அருமையானால் எழுத்து சிறுக்கும் என்ற இந்த நியதியைப் பாடநூலில் மட்டும் மனம்போனபடி செலுத்த முடியாது. முதல் வகுப்புக் குழந்தைக்கு 24 பாயிண்ட் எழுத்து வேண்டுமென்றால் வேண்டியதுதான். தாள் விலை ஏறிவிட்டது என்பதற்காகக் குழந்தையின் கண்ணைச் சுருக்க முடியுமா?

இனி அச்சுக் கோக்கும் அறைக்குள் செல்வோம். சாய்ந்த மரச் சட்டங்களின்மேல் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட கேஸ்கள். அவற்றின் முன் நின்றுகொண்டு, இடக்கையில் ஸ்டிக் என்னும் உலோகச் சட்டத்தை ஏந்தி, வலக்கையால் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிறார் கம்பாசிட்டர். எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறியும், வரி தலைகீழாகவும் அவருக்குத் தோன்றும். பழக்கத்தினால் அதையே நேராகப் படிக்கிறார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துக்களைப் பெரிதும் சிறிதுமாக வைத்துக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். தமிழுக்கோ உயிரும், அகர மெய்யும், புள்ளி மெய்யும், கொக்கியும் சுழியுமாக உடலோடு ஒட்டிக்கொள்ளும் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளும், கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி முதலியவையும், கிரந்த எழுத்துக்களும், எண்களும், நிறுத்தக் குறிகளுமாக நூற்றைம்பதுக்குக் குறையாத அறைகள் தேவைப்படும். 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. அவருக்கு மூன்று: கொம்பு, ககரம், கால். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர், ணா, றா, னா முதலியவற்றுக்கும் ணை, லை, ளை, னை என்பவற்றுக்கும் தனி வடிவங்கள் வழங்கின. இவை எல்லாமாகப் பதின்மூன்று. சீர்திருத்தம் வந்தபோது, கேஸில் சுமை குறைந்தது. பாடநூல்களிலோ பழைய வடிவில் படித்த பிள்ளையும் புதிய வடிவில் படிக்கத் தொடங்கிய பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கும் நிலை ஏற்பட்டது.

கம்பாசிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வரி முடிவில் இடம் போதாவிட்டால், சொல்லை இடையில் உடைத்து மிச்சத்தை அடுத்த வரியில் வைப்பது தமிழச்சில் சகஜம். புள்ளி எழுத்தை வரியின் தலையில் வைக்கலாகாது என்ற ஒரு விதியைக் காத்தால் போதும். ஆனால் முதல் இரண்டு வகுப்புக்களின் புத்தகங்களில் சொல்லை உடைப்பதே கூடாது. உடைக்காமல் வரியைச் சமமாக நிறைக்க வேண்டுமானால், சொற்களுக்கிடையே உள்ள இடைவெளித் துண்டுகளை ஒவ்வொரு வரியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள கம்பாசிட்டர்கள் 'பிள்ளைப் புத்தகமா?' என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதற்குத் தனி நிதானத்தோடு ஸ்டிக்கைக் கையிலெடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோத்த வரிகளை நீண்ட தட்டில் சேர்த்து, மை தடவி எடுக்கும் முதற்படியே கேலி புரூப். இப்போதுதான் இத்தொழிலின் உயிர்நிலையான பகுதி தொடங்குகிறது. பிழை திருத்துபவர் புரூபைத் தம்முன் விரித்துக்கொள்கிறார்; எதிரே படி வாசிப்பவர் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்கிறார். சாதாரணமாகப் படிப்பதில்லை, செவியில் ஒன்றுபோல விழுபவற்றை வேறுபடுத்திச் சொல்லிக்கொண்டே படிக்கிறார். 'வேலூர்க் கோட்டையில்' என்ற தொடரை, 'வேலூர், சின்ன ர், ககர ஒற்று, கோட்டையில், ஒற்றை ல்' என்று படிப்பார். மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரம், பெரிய ற, கமா, முற்றுப்புள்ளி, புதுப் பாரா என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அர்த்தத்தின் சுகத்தில் மயங்காமல் கண் எழுத்தின்மேலேயே நிற்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. கற்றவர்கள் நல்ல பிழை திருத்துநர்களாக அமைவது அரிது என்று அச்சுக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை, எழுதியிருக்க வேண்டியதையே படித்துவிடுகிறார்கள்.

எழுத்துப் பிழையைவிட எண் பிழை பொல்லாதது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது 1806ஆம் ஆண்டு. கடைசி இலக்கமான 6ஐ எடுக்கும்போது, முன்னே யாரோ எழுத்துக்களைப் பிரித்துப் போடுகையில் தவறிப்போய் ஆறின் அறையில் போட்டுவிட்ட 9 கையில் வந்துவிடுகிறது. எழுத்தின் உடலில் உள்ள வெட்டுக்குறி இருக்கவேண்டிய பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே விரலுக்கும் சந்தேகம் எழவில்லை. புத்தகத்தில் 1809 என்று விழுந்துவிடுகிறது. வாக்கியத்தில் சொற்பிழை ஏதும் இல்லை, இலக்கணம் சரியாக இருக்கிறது, அர்த்தமும் தடைப்படவில்லை. 1809இல் திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததாக வேறோர் உண்மையும் இருப்பதனால், பாதி விஷயம் அறிந்தவருக்கும் அந்த ஆண்டு பழக்கமானதாகவே படும். இத்தகைய பிழையை அறிவு பிடிக்காது. ஒப்புநோக்கல் ஒன்றே பிடிக்கும். ஆகையினால், பாடநூல்களில் ஆண்டுகளையும் அளவுகளையும் 'ஆயிரத்து எண்ணூற்று ஆறு' என்று படிக்காமல், 'ஒன்று, எட்டு, பூஜ்யம், ஆறு' என்று இலக்கம் இலக்கமாகவே படிப்பது என்றும், கணக்குப் புத்தகமானால் விடைகளை ஒருவர் புதிதாகப் போட்டுப் பார்ப்பது என்றும் வழக்கம் ஏற்பட்டது.

படங்களுக்கு இந்தக் காவல் போதாது. ஓவியர் பெரிய அளவில் வரைந்து தந்த படத்தைப் புகைப்படமெடுத்துச் சுருக்கி, துத்தநாகத் தகட்டில் பதித்து, திராவகத்தால் அரித்து, மரக்கட்டையின்மேல் அறைந்து, எழுத்தின் உயரத்துக்குச் சமமாக்கித் தருவதே பிளாக். இடையில் நெகட்டிவை முன்பின்னாகப் போட்டுவிட்டால், படம் இடம் வலமாக மாறிவிடும். மாமரமானால் யாருக்கும் நஷ்டமில்லை; இருதயத்தின் உள்ளமைப்பைக் காட்டும் படமானால், இடது கீழறையின் தடித்த சுவர் வலப்புறம் போய்விடும்; குறிப்பெழுத்துக்களைத் தனியே ஈயத்தில் கோத்துச் சேர்ப்பதால் அவை மட்டும் நேராக நின்று, பிழையை மறைத்துவிடும். எனவே படம் இருக்கும் பக்கத்தைப் பிழை திருத்துபவர் பார்த்தது போதாதென்று, பாடத்தை எழுதிய ஆசிரியரே மூலப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது விதி.

கேலி திருத்தம் முடிந்தபின் பக்கம் கட்டுகிறார்கள். பக்கப் புரூப் ஆசிரியருக்குப் போகிறது. தம் எழுத்தை முதன்முதலாக அச்சில் காணும் ஆசிரியருக்கு, அதை மேலும் அழகுபடுத்த வேண்டுமென்ற ஆசை அப்போதுதான் பிறக்கும். அவர் நடுப்பக்கத்தில் ஒரு சிறு தொடரைச் சேர்ப்பார். அதனால் ஒரு வரி கூடும். அந்த வரி அடுத்த பக்கத்துக்கு ஓடும். அங்கிருந்த வரி அதற்கடுத்த பக்கத்துக்கு ஓடும். பாடத்தின் முடிவுவரை எல்லாப் பக்கங்களையும் அவிழ்த்துக் கட்டவேண்டும். அவிழ்க்கும்போது, சரியாக இருந்த எழுத்துக்கள் சிந்திப் புதுப் பிழைகள் உண்டாகும். சேர்க்கும் அளவுக்கு அதே பத்தியில் குறைத்தும் தந்துவிடும் ஆசிரியர்களை அச்சுக்கூடம் தெய்வமாகக் கொண்டாடும்.

திருத்தமெல்லாம் ஒடுங்கி, 'அச்சிடலாம்' என்று கையொப்பம் விழுந்த பிறகு, பதினாறு பக்கங்களும் இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கப்படுகின்றன. அவை வரிசையாக இரா. தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களும், மறுபுறத்தில் எஞ்சியவையும் அமையும். முதுகு மடிப்பின் இருபுறமும் அண்டி நிற்கும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரவேண்டும். வராவிட்டால், மடித்தபின் ஐந்தாம் பக்கத்தைத் தொடர்ந்து பன்னிரண்டாம் பக்கம் வந்து நிற்கும்.

இங்கே ஒரு நிர்ப்பந்தத்தைச் சொல்லவேண்டும். புத்தகம் முழுவதையும் ஒருசேரக் கோத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய அச்சுக்கூடங்களில் எழுத்து இராது. இரண்டு மூன்று பாரங்களைக் கோத்து அச்சிட்டு, எழுத்துக்களைப் பிரித்துக் கேஸில் போட்டுவிட்டே அடுத்த பாரங்களைக் கோப்பார்கள். ஆகவே ஏழாம் பாரம் திருத்தும்போது முதற்பாரத்தில் ஒரு பிழை நினைவுக்கு வந்தால், அது அச்சாகி அடுக்கிக் கிடக்கும். பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றைக் கடைசியில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. பெரியவர்களின் நூலுக்கு இது பொருந்தும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் பார்த்து முதற்பாடத்தைத் திருத்திக்கொள்ளும் என்று யாரும் நம்பமாட்டார்கள். இதனாலேயே, பெருந்தொகையில் அச்சாகும் பாடநூல்களுக்குக் கோத்த பக்கத்தின்மேல் காகிதக் கூழ் அட்டையை அழுத்தி அச்செடுத்து, அதில் ஈயத்தை வார்த்து, முழுப் பக்கமும் ஒரே தகடாக ஸ்டீரியோ செய்து வைத்துக்கொள்ளும் முறை பரவிற்று.

யந்திரம் ஓடத் தொடங்கியபின் பிழைக்கு இடமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஈயம் மெதுவான உலோகம். ஆயிரக்கணக்கான முறை அழுந்தும்போது தேயும், ஒடியும். தமிழெழுத்தில் முதலில் போவது புள்ளி. பத்தாயிரம் பிரதிகளில் முதல் நாலாயிரத்தில் 'கண்' என்றிருந்தது, ஐயாயிரத்தில் 'கண' என்று ஆகிவிடலாம்; மெய்யெழுத்தைக் கற்பிக்கும் பாடத்திலேயே மெய் உயிர்பெற்று எழுந்துவிடலாம். கையொப்பமிட்ட புரூபில் அது சரியாகவே இருக்கும். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளையின் புத்தகம் சரியாகவும் பக்கத்துப் பிள்ளையின் புத்தகம் பிழையாகவும் இருக்கும். நல்ல யந்திரக்காரர் குறித்த தொகைக்கு ஒருமுறை ஒரு தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, பொருளைப் படிக்காமல் புள்ளிகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போவார்.

கட்டடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சான தாள்களை மடித்து, பாரத்தின் முதற்பக்க அடியில் உள்ள தொடர் எண்ணைக்கொண்டு வரிசைப்படுத்தித் தொகுத்து, நூலாலோ கம்பியாலோ தைத்து, மேலட்டை ஒட்டி, மூன்று புறமும் வெட்டுகிறார்கள். விலை குறையும் என்று பக்கவாட்டில் கம்பியடித்தால், புத்தகம் முழுவதும் விரியாது. விரியாத புத்தகத்தைப் பிள்ளை முழங்கையால் அழுத்தும். இரண்டு மாதத்தில் முதற்பாரம் கழன்றுவிடும்.

முன்பு தனியார் பதிப்பாளர்கள் பலர் போட்டியிட்டு வெளியிட்ட நூல்களைப் பாடநூல் குழு பரிசீலித்து அங்கீகரித்து வந்தது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்ட பின்னர், அரசின் பாடநூல்களை வெளியிடும் பொறுப்பு ஒரு பொது ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. ஒரே தரமான நூல் ஏழைப் பிள்ளைக்கும் எட்டும்படி ஆனது பெரும் நன்மை. அதனோடு, ஒரு பிழை நேர்ந்தால் அது எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் பாடமாகிவிடும் என்ற பெரும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. இதற்கு இடையூறாக நிற்பது காலம். பள்ளி ஜூனில் திறக்கும்; அந்தத் தேதி அசையாது. பாடத்திட்டம் தாமதிக்கலாம், பிரதி தாமதிக்கலாம், தாள் வரத் தாமதிக்கலாம். இத்தனை தாமதங்களையும் தன் தலையில் சுமந்துகொண்டு சுருங்குவது எப்போதும் பிழை திருத்தும் நாட்களே. யந்திரத்தின் வேகத்தைப் பெருக்க வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஒரு பக்கத்தைக் கவனமாகப் படிக்கும் நேரத்தைக் குறைக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம்.

கணினி வந்தபின் புள்ளி தேய்வதில்லை. கேஸில் எழுத்து மாறிக் கிடப்பதில்லை. ஆனால் ஔகாரத்தின் குறியை ளகரமாகத் தட்டுவதும், பழைய கோப்பின்மேல் புதிய பாடத்தை ஒட்டும்போது ஒரு பத்தி இருமுறை வருவதும், எழுத்துரு மாற்றத்தில் ஒற்றுக்கள் வேறெழுத்துக்களாகத் திரிவதும் புதிதாகத் தோன்றியிருக்கின்றன. படி வாசிப்பவருடைய நாற்காலி மட்டும் பல இடங்களில் காலியாகிவிட்டது. திரையில் பிழையற்றதுபோல் அழகாகத் தோன்றும் பக்கத்தை எதிரே ஒருவர் உரக்கப் படிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும் என்பதே என் விடை.

நண்பர்களே, இத்தனை காவல்களையும் தாண்டிப் பிழை வரும். வந்த பிழையைச் சந்தேகிக்கும் ஆற்றல் மாணவனுக்கு இல்லையென்று சொன்னேன். அவனுக்கும் அச்சுக்கூடத்துக்கும் இடையே நிற்பவர் நீங்கள் ஒருவரே. ஆகையால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் பாடநூலின் ஒரு பிரதியைப் பக்கத்துக்குப் பக்கம் வெற்றுத்தாள் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வகுப்பில் கண்ட பிழையை மட்டுமன்றி, பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடத்தையும் அதில் குறித்து, மறுபதிப்புக்கு வேலை தொடங்குமுன், ஜனவரிக்குள்ளாகவே, வெளியிட்டவர்களுக்கு எழுதியனுப்புங்கள். ஜூனில் வரும் கடிதம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.

இரண்டாவது, பிழையைக் கண்ட அன்றே மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'புத்தகத்தில் இப்படி இருக்கிறது, இது தவறு, தவறென்று நமக்குத் தெரிவது இதனால்' என்று காரணத்தோடு சொல்லி, ஒவ்வொருவரையும் தம் பேனாவினாலேயே திருத்திக்கொள்ளச் செய்யுங்கள். புத்தகத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடுமோ என்று அஞ்சவேண்டாம். முதல் வகுப்பில் அச்செழுத்தை அப்படியே நம்பத் தொடங்கிய பிள்ளை, பத்தாம் வகுப்பை முடிக்கும்போது, அச்செழுத்தையும் நிதானித்துப் பார்த்து ஏற்கத் தெரிந்தவனாக வெளியேற வேண்டும். இடையில் அவன் படித்த பாடநூல்கள் அத்தனையும் அதற்காக எழுதப்பட்டவையே. அந்தப் பயிற்சிக்கு ஓர் அச்சுப்பிழை தானாக வந்து உதவுமானால், அதையும் பாடமாகவே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.